மலைநாடு கண்ட ஓவியர் டேவிட் பெயின்டர்

கலைத்திறன் பிறவியோடு வருவது என்பர் பெரியோர். ஆயின், அத்திறன் தழைத்து வளர்வதற்கு உணவும் உறையுளும், வண்ணமும் தூரிகையும் வேண்டுமென்பதைப் பலரும் எண்ணுவதில்லை. நுவரெலியாவோடு வாழ்வு பிணைந்த ஓவியர் டேவிட் பெயின்டரின் வரலாறு இவ்வுண்மையை நமக்கு நன்கு விளக்குகின்றது. கலைக்குச் சமய எல்லையில்லை. ஆதலின் இந்துக் கல்லூரி மாணவராகிய நாமும் இவ்வரலாற்றை விரும்பிக் கற்றல் தகும்.

பெயின்டர் 1900 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5 ஆம் நாள், இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவிற் பிறந்தார். தந்தையார் ஆணல்ட் பெயின்டர் ஆங்கிலேயர். தாயார் அனகி வீரசூரிய சிங்களப் பெண்மணி. கிறித்தவத் தொண்டே வாழ்வெனக் கொண்ட இவ்விருவரும் நுவரெலியாவில் ஆதரவற்ற சிறாரைப் பேணி வளர்த்தனர். மைந்தர் உதகமண்டலத்துப் பிரீக்ஸ் பள்ளியிலும், பின்னர் கண்டித் திரித்துவக் கல்லூரியிலும் பயின்றார்.

இளைஞரின் உள்ளம் ஓவியத்தையே நாடிற்று. அக்காலத்தில் அக்கலையை முறையாகக் கற்க விழைந்தோர் இலண்டன் மாநகரை நோக்கினர். அங்கே 1768 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அரச கலைக்கழகத்தின் பள்ளியிற் கற்பிக்கக் கட்டணம் வாங்கும் வழக்கமில்லை. எனினும், கடல் கடந்து செல்வோனுக்குக் கப்பற் செலவுண்டு, வாடகையுண்டு, குளிருக்கு உடையுண்டு, நாள்தோறும் தீரும் வண்ணமும் துணியும் உண்டு. கதவு திறந்திருந்தும் உட்புக வழியற்றோர் எத்தனையோ பேர்! பெயின்டர் தம் திறமையால் ஐந்தாண்டுப் புலமைப்பரிசில் பெற்று அக்கதவினுட் புகுந்தார்.

அவ்வுதவியின் காலவளவை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஓராண்டு உதவி ஒருவனைக் கல்லூரி வாயில் வரை கொண்டு சேர்க்கும். பின்பு பாதிவழியில் விட்டுவிடும். ஐந்தாண்டு உதவியோ கற்று முடிக்கும்வரை கைவிடாது காக்கும். பெயின்டர் அக்கழகத்தின் பொற்பதக்கமும் பயணப் புலமைப்பரிசிலும் பெற்று இத்தாலி நாடு சென்றார். அங்கே பெரும் ஓவியர்தம் படைப்புகளை நேரிற் கண்டு பயின்றார்.

பிறர் அளித்த பொருளாற் கற்ற கலையை அவர் இந்நாட்டுக்கே ஈந்தார். திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயச் சுவர்களில் அவர் தீட்டிய ஓவியங்கள் மேனாட்டு முறையில் அமைந்தன. ஆயினும் அவற்றின் உயிர் இலங்கையின் உயிராகும். சிலுவைக் காட்சியிலே இயேசு பெருமான் கருநிற மேனியராய், தாடியற்றவராய்த் தோன்றுகின்றார். பின்னணியில் நம் கடற்கரைக் கண்டற் காடு விளங்குகின்றது. கல்கிசைப் புனித தோமையர் கல்லூரிச் சிற்றாலயத்திலுள்ள பெருஞ்சுவரோவியம் 1968 இல் நிறைவெய்தியது. கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியின் தலைமையையும் அவர் ஏற்று, இளைய தலைமுறையினர்க்கு வழிகாட்டினார். 1975 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இன்று ஓவியங் கற்க இலண்டன் செல்ல வேண்டுவதில்லை. கொழும்பிற் கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் உண்டு; யாழ்ப்பாணத்தில் இராமநாதன் பெயரால் அமைந்த கலைப்பீடம் உண்டு; மட்டக்களப்பிற் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. அரசு பல்கலைக்கழகங்களிற் கற்பித்தற் கட்டணமும் இல்லை. மகாபொலப் புலமைப்பரிசில் சிலருக்குக் கைகொடுக்கின்றது. தோட்டத் தொழிலாளர்தம் பிள்ளைகளுக்கென இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் வழியாக வழங்கப்பெறும் கல்வி உதவியும் உண்டு. தகுதியுடைய மாணவர் இவற்றைத் தேடி விண்ணப்பித்தல் கடமை. அவற்றை உரிய காலத்தில் அறிவித்தல் ஆசிரியர் கடமை.

எனினும், ஹற்றன் மலைச்சரிவில், லயத்து அறையொன்றிற் கரித்துண்டால் சுவரிற் கோடிழுக்கும் சிறுவனுக்கு யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் அன்றைய இலண்டனைப் போலத் தொலைவே. கொழுந்து பறித்துக் கிடைக்கும் நாட்கூலி வீட்டுச் செலவுக்கே போதாதபோது, விடுதி வாடகைக்கும் வண்ணத்துக்கும் பணம் ஏது? இங்கேதான் பழைய மாணவராகிய நமக்குப் பணி காத்திருக்கின்றது. விழாக்காலத்து மண்டபமும் வளைவும் சிறப்பே. ஆயினும், ஒரு மாணவனைக் கலைக்கல்வியின் முதல் நாள் தொட்டு இறுதி நாள் வரை தாங்கும் நிதியொன்றை நாம் நிறுவுவோமாயின், அது அவற்றினும் நெடிது நிற்கும். பெயின்டருக்குக் கிட்டிய ஐந்தாண்டு மலைநாட்டுப் பிள்ளை ஒருவனுக்கேனும் கிட்டுமாக!