குந்தவைப் பிராட்டியாரின் கொடையும் சோழர் இறையும்

சுந்தர சோழரின் திருமகளாராகவும், முதலாம் இராசராசரின் தமக்கையாராகவும், வல்லவரையர் வந்தியதேவரின் தேவியாராகவும் வாழ்ந்த குந்தவைப் பிராட்டியாரைப் புதினங்கள் வாயிலாக அறிந்தவர்கள் பலர். நம் சமூகத்தினர் அவரை அறிய வேண்டிய இடம் வேறு. பெருமுக்கல்லிலிருந்து திண்டிவனம் கடந்து சென்றால் எய்தக்கூடிய தாதாபுரம், அந்நாளில் இராசராசபுரம் எனப்பட்டது. அங்கே அவர் இரவிகுலமாணிக்க ஈசுவரம் என்னும் சிவாலயத்தையும், குந்தவை விண்ணகரம் என்னும் திருமால் கோயிலையும், குந்தவை ஜினாலயத்தையும் எடுப்பித்தார். மூன்றுக்கும் பொன்னும் வெள்ளியும் அணிகலன்களும் ஈந்தார். சைவ அரசகுலத்தில் பிறந்தவர் ஜினேந்திரருக்குத் தம் பெயராலேயே ஆலயம் அமைத்தமை நாம் நன்றியுடன் நினைக்கத்தக்கது. போளூரை அடுத்த திருமலையிலும் அவர் பெயரால் ஜினாலயம் உண்டு.

அவர் காலம் கொடையின் காலம் மட்டுமன்று. கண்டிப்பான வரியின் காலமுமாகும். இராசராசர் 1001ஆம் ஆண்டளவில் நாடு முழுவதையும் அளப்பித்தார். நிலம் மிக நுண்ணிய பின்னங்கள் வரை அளக்கப்பட்டு, அதற்கேற்ப இறை விதிக்கப்பட்டது. படைகளும் அரசாங்கமும் அவ்விறையாலேயே நின்றன. செய்யாற்றை அடுத்த உக்கல் கல்வெட்டில் உள்ள 1009ஆம் ஆண்டு ஆணை, இரண்டு ஆண்டுகள் முழுமையாக இறை செலுத்தாதவரின் நிலத்தை ஊராரே கைக்கொண்டு விற்கலாம் என்கிறது. அந்தணர் ஊர், வைகானசர் ஊர் ஆகியவற்றோடு சிராவகர் ஊரும் அதில் பெயர் சுட்டப்பெறுகிறது. நம் முன்னோரும் அந்த அச்சத்திற்கு உட்பட்டே உழுதனர். பள்ளிச்சந்தம் என்னும் நிலக்கொடையின் அருமை இங்கேதான் விளங்கும். ஜினாலயத்திற்கு நிலம் விட்டால் மட்டும் போதாது. அதன் இறையும் நீக்கப்பட்டாலன்றி அறம் நிலைக்காது.

பிராட்டியார் இந்நுட்பத்தை நன்கு உணர்ந்தவர். தஞ்சைப் பெரிய கோயிலில் தம் தந்தையார், தாயார் ஆகியோரின் திருவுருவங்களை எழுந்தருளுவித்து, அவற்றின் வழிபாட்டுக்கெனக் காசுகளை ஊர்ச்சபைகளிடம் முதலாக ஒப்படைத்தார். காசுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு வட்டி. அதாவது எட்டுக்கு ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதல் ஊரில் தங்கிற்று. வட்டி மட்டும் கோயிலுக்குச் சென்றது. ஊருக்கு முதல் கிடைத்தது நன்மையே. ஆயினும் சந்திர சூரியர் உள்ளளவும் செலுத்த வேண்டிய வட்டி, வாங்கிய தலைமுறைக்குப் பின் வந்தவர்களுக்கு மற்றுமோர் இறையாகவே தோன்றியிருக்கும். விளைவு பொய்த்த ஆண்டில் அரசனுக்கும் அளக்க வேண்டும், அறத்திற்கும் அளக்க வேண்டும். இதனைச் சொல்லுவதால் அம்மையாரின் பெருமை குறையாது.

கோயிலுக்கு அப்பாலும் அவர் ஈகை சென்றது. தஞ்சையில் சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனைக்கு, மருத்துவர் தொடர்ந்து பணியாற்றும்படி நிலம் அளித்தார். நம் சமயம் போற்றும் நால்வகைத் தானங்களுள் ஔஷத தானம் ஒன்று என்பதை வாசகர்கள் அறிவர். ஒரு நாள் மருந்து கொடுத்து முடியும் தானமாக அது அமையவில்லை. நிலத்தின் விளைவு மருத்துவருக்கு வாழ்வூதியமாயிற்று. நோயாளிக்கோ மருத்துவர் என்றும் உண்டு என்னும் துணிவு.

அப்பொன் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம். அரசகுலத்துச் செல்வம் பெரும்பாலும் குடிகளின் இறையிலும் போரிலும் விளைந்ததே. ஆகவே அவர் கொடையை வரிக்கு மாற்றாகக் கொள்வது பொருந்தாது. வரியாகத் திரண்டதில் ஒரு பகுதி அவர் கைவழியே ஊர்களுக்குத் திரும்பிற்று என்பதே சரி. அரசரின் பண்டாரம் எட்டாத இடத்தை வேறு கைகளும் எட்டின. இராசராசரின் 21ஆம் ஆட்சியாண்டில் திருமலைப் பகுதியில் குணவீர மாமுனிவர் ஒரு கலிங்கு கட்டுவித்தார். துறவியின் முயற்சியால் வயலுக்கு நீர் நின்றது. இராசேந்திரர் காலத்தில் வணிகர் ஒருவரின் மனைவியார் சாமுண்டப்பை, அங்குள்ள குந்தவை ஜினாலயத்துக்கு நந்தா விளக்கு வைத்துக் காசும் ஈந்தார். அரசியார் எழுப்பியதை வணிகக் குடும்பத்துப் பெண்மணி தாங்கினார்.

தம்பியாரின் ஆட்சிக்குப் பின்னும் வாழ்ந்த பிராட்டியார், இராசேந்திரர் காலத்திலும் அறங்கள் செய்தார். தாதாபுரத்தில் சிவாலயமும் திருமால் கோயிலும் இன்றும் உள்ளன. ஜினாலயம் கல்வெட்டில் மட்டுமே நிற்கிறது. திருமலை ஜினாலயத்திலோ இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. நம் குடும்பங்கள் ஆண்டுதோறும் அங்குச் சென்று வருகின்றன.