ஹைன்ரிக் ஹெர்ட்ஸ்

வானொலிப் பெட்டியின் முகப்பில் எண்களின் அருகே கிலோஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ் என்னும் சொற்கள் பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்கிறோம். அதிர்வின் அளவாக வழங்கும் அச்சொல், முப்பத்தாறு ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த ஓர் அறிஞரின் பெயராகும். கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளை, வளைத்த கம்பிகளைக் கொண்டே பிடித்து அளந்து காட்டியவர் அவர்.

ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், பின்னாளில் அந்நகரின் ஆட்சி மன்றத்திலும் இடம் பெற்றவர். மைந்தருக்கோ ஏட்டுக் கல்வியிலும் கைத்தொழிலிலும் ஒருங்கே நாட்டம் இருந்தது. பள்ளியிற் பயிலும்போதே அரபு மொழியைக் கற்றார். ஓய்வு நேரத்தில் மரவேலையும் கடைசல் வேலையும் பழகினார். அவர் பேராசிரியரான செய்தியைக் கேட்ட கடைசல் ஆசான், நல்ல தொழிலாளி ஒருவரை இழந்தோமே என்று வருந்தினாராம். அவ்வருத்தம் பொருளற்றதன்று. அந்தக் கைகள் பழகிய பழக்கமே பின்னர் ஆய்வுக் கூடத்தில் பெருந்துணையாயிற்று.

பொறியியல் கற்கச் சென்ற ஹெர்ட்ஸ், இயற்பியலே தமக்குரிய துறை என்று தெளிந்து, 1878-இல் பெர்லின் நகரத்தை அடைந்தார். அங்கே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞர் அவரைத் தம் மாணவராக ஏற்றார். ஒளியும் மின் அலையும் ஓரினத்தவை, இரண்டும் ஒரே வேகத்திற் செல்வன என்று மாக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் கணித வழியே கூறியிருந்தார். அதனைக் கண்கூடாகக் காட்டியவர் அதுவரை எவருமிலர். மாக்ஸ்வெல்லின் கொள்கையோடு தொடர்புடைய ஆய்வொன்றைச் செய்யுமாறு ஆசிரியர் 1879-இல் ஹெர்ட்ஸைத் தூண்டினார். அன்றிருந்த கருவிகளால் அது கைகூடாது என்று கணக்கிட்டறிந்த மாணவர் அம்முயற்சியை மேற்கொள்ளவில்லை. ஆயினும் அவ்வினா அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

1885-இல் கார்ல்ஸ்ரூயிலிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டில் எலிசபெத் டோல் என்னும் மங்கையை மணந்தார். அவ்வாண்டிலேயே, சுருள் கம்பிகளில் மின்பொறியை எழுப்பியபோது, அருகிலிருந்த மற்றொரு சுருளிலும் பொறி தோன்றுவதைக் கவனித்தார். பலர் கண்டு பொருட்படுத்தாது விட்டிருக்கக்கூடிய சிறு நிகழ்ச்சி அது. ஹெர்ட்ஸோ தாம் ஏழாண்டுகளாகத் தேடிய வழி அதுவே என்று உணர்ந்தார்.

நீண்ட செப்புக் கம்பியின் நடுவே சிறு இடைவெளி விட்டு, இரு முனைகளிலும் துத்தநாக உருண்டைகளைப் பொருத்தினார். இடைவெளியிற் பொறி பறக்குந்தோறும் கம்பியில் மின்னோட்டம் நொடிக்குப் பல கோடி முறை என்னும் விரைவில் முன்னும் பின்னும் அலைந்தது. சற்றுத் தொலைவில் வளைத்து வைத்த மற்றொரு கம்பியே அலையை வாங்கும் கருவி. அதன் இடைவெளியில் தோன்றும் பொறி மிகச் சிறியது. இருட்டறையிலிருந்து உற்று நோக்கினாலன்றித் தெரியாது. இங்கேதான் கம்பியின் நீளம் முதன்மை பெற்றது. வாங்கும் கம்பியை அவர் சிறிது சிறிதாக நீட்டியும் குறைத்தும் பார்த்தார். குறிப்பிட்ட ஒரு நீளத்திற் பொறி பெரிதாயிற்று. அந்நீளம் கூடினும் குறையினும் பொறி மங்கிற்று. ஒரு வீணையின் நரம்பை மீட்ட, அதே சுருதியிலுள்ள மற்றொரு நரம்பு தானே அதிர்வதை இதற்கு ஒப்பிடலாம்.

பின்னர் நீண்ட கம்பியின் வழியே அலையைச் செலுத்தினார். முனையை அடைந்த அலை திரும்பி, எதிரே வரும் அலையோடு கலந்தது. அதனால் கம்பியின் சில இடங்களிற் பொறி வலிமையாகவும் சில இடங்களில் இல்லாமலும் இருந்தது. பொறி தோன்றாத கணுக்கள் இரண்டிற்கு இடைப்பட்ட தொலைவு அலை நீளத்திற் பாதி. 1888-இல் விரிவுரை மண்டபத்தின் சுவரில் துத்தநாகத் தகடு அறைந்து, காற்றில் வரும் அலையையும் இவ்வாறே திருப்பி அளந்தார்.

ஆனால் இரண்டு அளவுகளும் ஒத்துவரவில்லை. கம்பியில் அலை மெதுவாகவும் காற்றில் விரைவாகவும் செல்வதாகத் தோன்றியது. மாக்ஸ்வெல்லின் கொள்கையோ இரண்டும் ஒன்றே என்றது. தாம் மெய்ப்பிக்க விரும்பிய கொள்கைக்கே மாறான அம்முடிவை ஹெர்ட்ஸ் மறைக்கவில்லை, கண்டவாறே வெளியிட்டார். அவருடைய கணக்கிலிருந்த வேறொரு பிழையைப் பிரெஞ்சு அறிஞர் புவான்காரே எடுத்துக்காட்டியபோதும் அதனை ஒப்புக்கொண்டார். 1893-இல் ஜினீவா நகரில் சாரசின், த லா ரீவ் என்னும் இருவர் மிகப் பெரிய மண்டபத்திலே அளந்தபோது இரு வேகங்களும் ஒன்றாகவே இருந்தன. ஹெர்ட்ஸின் மண்டபம் அந்நீண்ட அலைகளுக்குச் சிறியது. சுற்றியிருந்த சுவர்கள் அளவைக் கெடுத்துவிட்டன.

பொழுதுபோக்காக வானொலி நிலையம் அமைத்துக்கொள்ளும் அமெச்சூர் அன்பர்கள் இன்றும் இந்தக் கணுக்களையே எண்ணிப் பார்க்கின்றனர். 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏறக்குறைய 20 மீட்டர் நீளமுள்ள ஏரியலைக் கட்டி, அதன் நடுவிலிருந்து இரட்டைக் கம்பியை அறைக்குள் கொண்டுவருவர். ஏரியலின் நடுவில் மின்னோட்டம் மிகுதி, மின்னழுத்தம் குறைவு. அதே ஏரியலை 14 மெகாஹெர்ட்ஸில் இயக்கினால் நடுவில் நிலைமை தலைகீழாகிறது. இரட்டைக் கம்பி கால் அலை நீளமாயின் அறையினுள் அந்நிலை மீண்டும் மாறும். அரை அலை நீளமாயின் மாறாது. ஓர் அலைக்கு அரையாயிருக்கும் நீளம் அதில் இருமடங்கு நீண்ட அலைக்குக் கால்தானே! ஆகவே, எல்லா அலைகளுக்கும் ஓரளவு ஒத்துவரும் நீளத்தைக் காண, கம்பியைச் சிறிது வெட்டியும் சிறிது சேர்த்தும் பார்க்கின்றனர். கம்பியின் இடையேயுள்ள காப்புப் பொருளால் அலையின் வேகம் சற்றுக் குறைவதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்வர். தரையோடு இணைக்கப்படாத அரை அலைக் கம்பிக்கு அவர்கள் ஹெர்ட்ஸ் ஏரியல் என்றே பெயரிட்டனர்.

1888-ஆம் ஆண்டின் இறுதியில் ஹெர்ட்ஸ், நீளங் குறைந்த அலைகளை எழுப்பினார். அவற்றைக் குழிந்த துத்தநாகத் தகட்டாற் குவித்தார்; கீலினால் வார்த்த மாபெரும் பட்டகத்தின் வழியே செலுத்தி வளைத்தார். ஒளி செய்வன யாவற்றையும் அவ்வலைகளும் செய்தன. மாக்ஸ்வெல்லின் கொள்கை நிலைபெற்றது. அதனைக் காண மாக்ஸ்வெல் உயிரோடில்லை. அவர் 1879-லேயே மறைந்துவிட்டார்.

இவ்வலைகளைத் தொலைபேசிக்குப் பயன்படுத்தலாமோ என்று பொறியாளர் ஒருவர் 1889-இல் வினவினார். தொலைபேசியின் அதிர்வு மெதுவானது. அதற்குரிய அலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமிருக்கும். அதனைக் குவிக்கும் ஆடியைச் செய்வது எங்ஙனம் என்று ஹெர்ட்ஸ் மறுமொழி விடுத்தார். விரைந்த அலையின்மீது பேச்சை ஏற்றி அனுப்பும் முறை அன்று தோன்றியிருக்கவில்லை.

அவ்வாண்டிலேயே பான் நகரப் பல்கலைக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. ஆனால் 1892 முதல் கொடிய நோய் வருத்தியது. அறுவை மருத்துவம் பலமுறை நிகழ்ந்தும் பயனில்லை. வலியினிடையே இயக்கவியல் பற்றிய நூலை எழுதி முடித்த அவர், 1894-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் உயிர் நீத்தார். முதிய ஆசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தம் மாணவரின் அந்நூலுக்கு முன்னுரை எழுதும் துயரத்தை ஏற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் மறைந்தார். அந்தக் கோடையில் ஹெர்ட்ஸின் ஆய்வுகளைப் பற்றிப் படித்த மார்க்கோனி என்னும் இருபது வயது இத்தாலிய இளைஞர், அவ்வலைகளால் செய்தி அனுப்ப இயலுமென்று எண்ணத் தொடங்கினார்.

ஹெர்ட்ஸ் மறைந்தபோது மூத்த மகளுக்கு ஆறு வயது. இளையவளுக்கு இரண்டு வயது. தந்தை வழியில் யூத மரபினர் என்ற காரணத்தால், 1930-களில் நாஜிகளின் ஆட்சியில் அக்குடும்பம் இன்னலுற்றது. ஹாம்பர்க் நகர மன்றத்திலிருந்த ஹெர்ட்ஸின் உருவப்படமும் அகற்றப்பட்டது. எலிசபெத் அம்மையார் தம் புதல்வியர் இருவருடன் இங்கிலாந்து நாட்டிற் சென்று வாழ்ந்தார்.