3,000 டாலருக்குக் கைமாறிய பாட்டு... நீனா சிமோனைக் கடைசிவரை உறுத்திய கையெழுத்து!

பழைய பாட்டு ஒண்ணை உங்க குரலில் பாடி, யூடியூபில் ஏத்துறீங்க. வைரல் ஆனா சந்தோஷம்தான். ஆனா, அந்த வைரலில் வர்ற பணத்தில் உங்களுக்கு ஒரு பைசா உரிமைகூட இல்லைன்னா எப்படி இருக்கும்? அதுவும் 30 வருஷம் கழிச்சு, உலகமே அந்தப் பாட்டை முணுமுணுக்கும்போது?

அமெரிக்கப் பாடகி நீனா சிமோனுக்கு நடந்தது இதுதான். அவர் இறந்து 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனாலும், ஒரு கவர் சாங்கால் அவர் பட்ட வருத்தம் இன்னைக்கு மைக் முன்னாடி நிற்கும் ஒவ்வொருவரும் தெரிஞ்சுக்க வேண்டிய கதை.

பியானோதான் கனவு

1933-ம் ஆண்டு, வட கரோலினா மாநிலத்தின் ட்ரையான் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். இயற்பெயர் யூனிஸ் கேத்லீன் வேமன். எட்டுப் பிள்ளைகளில் ஆறாவது. அம்மா மெத்தடிஸ்ட் சபையின் போதகர். சரியாப் பேச்சு வரும் முன்னாடியே யூனிஸுக்கு பியானோ வந்துவிட்டது. சர்ச்சில் வாசித்த அந்தக் குழந்தையின் திறமையைப் பார்த்து, அவர் முறையாகப் படிக்க ஊர்க்காரர்களே நிதி திரட்டிக் கொடுத்தார்கள்.

12 வயதில் ஒரு கச்சேரி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவரின் அப்பா அம்மாவை எழுப்பி, வெள்ளையர்களுக்காகப் பின்னால் போகச் சொன்னார்கள். அவர்களைத் திரும்ப முன்னால் உட்கார வைக்கும்வரை வாசிக்க மாட்டேன் என்று உறுதியாக நின்றுவிட்டார் யூனிஸ். 12 வயசுப் பொண்ணுக்கு எவ்வளவு தைரியம் பாருங்க!

அவருடைய ஆசை ஒன்றுதான். அமெரிக்காவின் பெரிய கிளாசிக்கல் பியானோ கலைஞர்களில் ஒருவராக வேண்டும். அதற்காக நியூயார்க்கின் ஜூலியார்டில் பயிற்சி எடுத்துக்கொண்டு, 1951-ல் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இன்ஸ்டிட்யூட்டில் இடம் கேட்டார். கிடைக்கவில்லை. தன் தோலின் நிறம்தான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். அந்த நிறுவனம் அதை மறுத்தது.

வேலைக்காக வந்த குரல்

தனியா பியானோ கத்துக்க காசு வேணுமே! 1954-ல் அட்லான்டிக் சிட்டியில் ஒரு பாரில் வாசிக்கப் போனார். பியானோ மட்டும் போதாது, பாடினால்தான் வேலை என்றார் முதலாளி. சரி என்று பாடத் தொடங்கினார். அதுவரை தன்னை ஒரு பாடகியாக அவர் நினைத்ததே இல்லை. பாரில் பாடுவது அம்மாவுக்குத் தெரிந்தால் வீடே ரெண்டாகிவிடும் என்பதால் பெயரையும் மாற்றிக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் நீனா சிமோன் என்ற பெயர்.

அடுத்து பெத்லஹேம் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனம் ஆல்பம் போட அழைத்தது. நீனாவுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. பாப் பாட்டெல்லாம் கிளாசிக்கல் படிப்புக்குப் பணம் சேர்க்கும் வழி, அவ்வளவுதான். 'லிட்டில் கேர்ள் ப்ளூ' என்ற அந்த முதல் ஆல்பத்தில் பெரும்பாலானவை, மற்றவர்கள் ஏற்கெனவே பாடிய பாடல்கள். அவற்றில் 'ஐ லவ்ஸ் யூ, போர்கி' 1959-ல் அமெரிக்காவின் டாப் 20 பட்டியலுக்குள் வந்தது.

அதே ஆல்பத்தில் இன்னொரு கவர், 'மை பேபி ஜஸ்ட் கேர்ஸ் ஃபார் மீ'. 1930-ல் வந்த 'வூப்பி' திரைப்படத்துக்காக எழுதப்பட்ட ஜாலியான பாட்டு. நீனாவின் பார்வையில் அது கனமில்லாத ஒரு சின்னப் பாட்டு. பாடினார், மறந்தார்.

அந்த ஆல்பத்தின் உரிமையை 3,000 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கையில் காசில்லாத ஓர் இளம்பெண்ணுக்கு அது பெரிய தொகைதானே!

ஒரு விளம்பரம் வந்தது

அதன்பின் நீனாவின் வாழ்க்கை வேறு திசையில் போனது. 1963-ல் பர்மிங்ஹாம் நகர சர்ச்சில் குண்டு வெடித்து, நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். அந்தக் கோபத்தில் 'மிஸிஸிப்பி காட்டம்' பாடலை அவரே எழுதினார். தென் மாநில வானொலிகள் அதைப் புறக்கணித்தன. மனித உரிமைப் போராட்டத்தின் குரலாக மாறினார். பிறகு நாட்டைவிட்டே வெளியேறி பார்படோஸ், லைபீரியா, ஐரோப்பா என்று அலைந்தார். பணக் கஷ்டம், மனநலப் பாதிப்பு என எல்லாமே சேர்ந்து துரத்தியது.

1987-ல் ஷனெல் நம்பர் 5 வாசனைத் திரவியத்துக்கு ஒரு டிவி விளம்பரம் வந்தது. பின்னணியில் ஒலித்தது, நீனா எப்போதோ மறந்துபோன அதே 'மை பேபி...' பாட்டு! சிங்கிளாக மறுபடி வெளியிட்டார்கள். பிரிட்டனில் 5-வது இடத்தைப் பிடித்தது. 54 வயதில் புதுத் தலைமுறை ரசிகர்கள் கிடைத்தார்கள். பணம்?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கோங்க. ஒரு பாட்டில் ரெண்டு உரிமை உண்டு. ஒன்று, எழுதி இசையமைத்தவர்களுக்கானது. இன்னொன்று, பதிவு செய்த ஒலிக்கானது. கவர் பாடுபவருக்கு முதலாவதில் பங்கே கிடையாது. மிச்சம் இருப்பது ரெண்டாவதுதான். நீனா விற்றது அதைத்தான். இதனால் அவர் இழந்த ராயல்ட்டி 10 லட்சம் டாலருக்கும் மேல் என்று சொல்லப்படுகிறது.

பாடியதற்காக அவர் வருந்தவில்லை. என்ன விற்கிறோம் என்று தெரியாமல் விற்றதுதான் அவரை உறுத்தியது. இன்னொரு வலியும் உண்டு. ரத்தமும் கோபமுமாக அவர் எழுதிய பாடல்களைத் தெரியாதவர்களுக்குக்கூட, மேடையில் அந்தக் குட்டிப் பாட்டுதான் வேண்டியிருந்தது.

2003 ஏப்ரல் 21 அன்று பிரான்ஸில் நீனா இறந்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், அன்று இடம் தராத அதே கர்ட்டிஸ் இன்ஸ்டிட்யூட் அவருக்கு கௌரவப் பட்டம் அறிவித்தது. 52 வருஷம் லேட்!

இன்னைக்கு நிலைமை மாறிடுச்சுன்னு நினைக்காதீங்க. பேப்பருக்குப் பதிலா இப்போ ஸ்க்ரீன்ல ஒரு டிக். ஏதாவது ஒரு லேபிளோ, ஆப்போ உங்க குரலைக் கேட்டு வந்தா, எவ்வளவு தருவாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க. பதிவு யாருக்குச் சொந்தம், எத்தனை வருஷத்துக்கு, விளம்பரத்துக்குப் போனா உங்களுக்குப் பங்கு உண்டா... இந்த மூணையும் கேட்டுட்டு அப்புறமா கையெழுத்துப் போடுங்க. நீங்க சாதாரணமா நினைச்சுப் பாடின பாட்டுதான் நாளைக்கு உங்க அடையாளமா ஆகலாம்!