பிளேக் ஊசி கண்ட ஹாப்கின்

போடிநாயக்கனூரினின்று ஏலமலைச் சரிவில் ஏறுவோர்க்குக் குளிர்காற்றும் ஏலக்காய் மணமுமே நினைவில் நிற்கும். அம்மலையடிவாரத்தை அடுத்த கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு காலத்துப் பிளேக் நோய் ஓயாது உறைந்தது என்பதை நம்மிற் பலர் அறியார். அதனை நேரில் ஆராய்ந்த மருத்துவர் இருவரின் அறிக்கை 1934-ம் ஆண்டில் வெளிவந்தது. அந்நோய்க்கு மாந்தர்க்கேற்ற தடுப்பூசியை முதன்முதல் ஆக்கிய வால்டெமார் ஹாப்கின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அன்னார் 1860-ம் ஆண்டில் ஒடெஸா நகரில் யூதர் குடியிற் பிறந்தவர். பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் நூல்நிலைய உதவியாளராகப் புகுந்து, காலரா ஆராய்ச்சியில் இறங்கினார். காலராக் கிருமிகள் யாவும் ஒரே வன்மையுடையன அல்ல. ஓரிடத்துக் கிருமி விலங்கைக் கொல்லும், மற்றோரிடத்தது வாளாவிருக்கும். அளவறியாத வித்தை மனித உடலிற் செலுத்துவது எங்ஙனம்? ஹாப்கின் கிருமியைக் கினிப்பன்றி ஒன்றன் வயிற்றினின்று மற்றொன்றன் வயிற்றுக்கு மாற்றி மாற்றி, அதன் வன்மையை ஒரு நிலையில் நிறுத்தினார். வெப்பத்திலும் காற்றோட்டத்திலும் வளர்த்து மெலிவித்த வித்து வேறு. மெலிந்ததை முதலிலும், வலியதைச் சில நாள் கழித்தும் செலுத்துவது அவர் முறை. 1892-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி அதனைத் தம் உடலிலேயே ஏற்றுக் காய்ச்சலுற்றுத் தேறினார்.

அதே ஆண்டு அக்டோபரில் மூனிச் நகரில் முதியவர் பெட்டன்கோபர், கிருமி மட்டும் நோய் தராது என்று காட்டுவதற்காகக் காலரா வளர்ப்பைக் குடித்துச் சிறு பேதியோடு பிழைத்தார். அவர் உண்டது வன்மை குன்றிய வித்து என்று பிற்காலத்தார் கருதுவர். முன்னரே ஒருகால் காலராக் கண்டு பிழைத்தவர் என்பதும் உண்டு. வித்தின் தன்மை அறியாத துணிவு எதனையும் மெய்ப்பிப்பதில்லை என்பது எம் கருத்து.

ஹாப்கின் 1893-ல் கல்கத்தா வந்தார். மறு ஆண்டில் ஆங்கொரு சேரியில் ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் ஊசி ஏற்றனர். பின்னர்க் காலரா கண்டது ஏலாதவரையே. 1896-ல் பம்பாயிற் பிளேக் மூண்டபோது, கொடிய கிருமியையே வளர்த்துச் சூட்டாற் கொன்று மருந்தாக்கினார். 1897 ஜனவரி 10-ந் தேதி அதுவும் முதலில் அவர் உடலிலேயே ஏறியது. பின்னர்ப் பைகுலாச் சிறைவாசிகள் இசைந்து ஏற்றனர். விலங்கிட்டவன் இசைவு எத்துணை மெய்யான இசைவு என்பதை மாணவர் எண்ணுக.

1902-ல் பஞ்சாபின் முல்கோவாலில் ஊசி ஏற்ற 19 பேர் இசிவு நோயால் இறந்தனர். மாசுபட்டது ஒரு குப்பி. பழி விழுந்ததோ ஹாப்கின்மீது. வேலையினின்று நீக்கப்பட்ட அவர் குற்றமற்றவரென 1907-ல் தெளிவாயிற்று. ஐந்தாண்டுகள் அதற்குள் வீணாகிவிட்டன. பம்பாய் ஆய்வுக்கூடம் 1925-ல் அவர் பெயர் பெற்றது. 1930-ல் லோசான் நகரில் மறைந்தார்.

1929-ல் பம்பாயிற் பிளேக்கால் இறந்த ஒருவரிடமிருந்து அந்நிலையத்தார் எடுத்த 195/P என்னும் வித்து, பின்னர் அமெரிக்கத் தடுப்பூசிக்கும் மூலமாயிற்று.