டோனாவூர் அம்மை

விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறட்பாக்கள் பாடினார் வள்ளுவர் பெருமான். ஊர்விட்டு வந்து திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்வறம் புதிதன்று. மருத்துவத்திற்கும் தேர்வுக்கும் ஊரிலிருந்து வருவோர்க்கு நம் இல்லங்களில் சோறும் பாயும் என்றும் உண்டு. ஆனால், வந்தவர் திரும்பிச் செல்ல இடமற்றவராயின் செய்வது யாது? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

அம்மையார் 1867 டிசம்பர் 16ஆம் நாள் அயர்லாந்தில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரின் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள், தொப்பி வாங்க வகையின்றிச் சால்வையால் தலையை மூடித் தேவாலயம் வந்தனர், செல்வர் முகஞ்சுளித்தனர். அம்மையாரோ அப்பெண்களுக்கென 1889இல் ஒரு மண்டபம் எழுப்பி, நல்வரவு எனப் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார்.

1895இல் இந்தியா வந்தவர், திருநெல்வேலிச் சீமையில் தங்கித் தமிழ் பயின்றார், சேலை உடுத்தார். 1901 மார்ச்சில் பெருங்குளத்துக் கோயிற் பணிக்கென விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தப்பியோடி அவரிடம் வந்து சேர்ந்தாள். முன்னொரு முறை அவள் தப்பித் தாயை நாடியபோது திருப்பி அனுப்பப்பட்டாள். தண்டனையாகக் கைகளில் சூடும் பெற்றாள். இம்முறை கதவு திறந்தது, பின்னர் மூடவேயில்லை. சிறு குழந்தையை ஏற்பவர் தம்மையே ஏற்கிறார் என்னும் கிறிஸ்துநாதரின் போதனையை அம்மையார் சொல்லுக்குச் சொல் நம்பினார்.

டோனாவூரில் குழந்தைகள் பெருகினர். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், மருத்துவமனைக்கு அருகே, கைக்குழந்தைகளுக்கென ஓர் இல்லம் சில ஆண்டுகள் நடந்தது. பொன்னம்மாள் என்னும் இளம் விதவை அதனைக் கண்ணுங்கருத்துமாய்க் காத்தார். 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். பொருள் வேண்டி அம்மையார் மக்களிடம் கையேந்தவில்லை, இறைவனிடமே வேண்டினார்.

இவ்விருந்தோம்பலுக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1911இல் ஒரு சிறுமியைப் பற்றிய வழக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராயிற்று. வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தது. ஆயினும் அடுத்து வந்த குழந்தையை அவர் வாசலில் நிறுத்தவில்லை. விருந்தினர் உண்டு செல்வர்; மக்களோ உரிமையோடு தங்குவர். வந்த குழந்தைகளை அவர் விருந்தினராக அன்றி மக்களாகவே வைத்துக்கொண்டார். அவரது அறத்தின் சிறப்பு இதுவே.

1931இல் தவறி விழுந்தவர், ஏறத்தாழ இருபதாண்டுகள் படுக்கையிலேயே இருந்து நூல்கள் பல எழுதினார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் ஒழித்ததை அவர் வாழ்நாளிலேயே கண்டார். இந்தியா வந்தபின் தாயகம் திரும்பாமலே 1951 ஜனவரி 18ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அவர் விருப்பப்படி கல்லறைக் கல் நாட்டப்படவில்லை. பறவைகள் நீருண்ணும் கற்றொட்டி ஒன்றை அமைத்து, அம்மை என்று மட்டும் பொறித்தனர்.

சமயம் எதுவாயினும், கைம்மாறு செய்ய இயலாதவர்க்கும் நம் இல்லங்களின் கதவு திறந்திருக்குமாக!