ஏ. டி. பன்னீர்செல்வம்

சர் ஏ. டி. பன்னீர்செல்வம் (சூன் 1, 1888 – மார்ச் 1, 1940) தமிழக அரசியல்வாதியும் வழக்கறிஞரும் நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரும் ஆவார். தஞ்சாவூர் மாவட்டக் கழகத் தலைவராக ஆற்றிய பணிகளுக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

நன்னிலத்தை அடுத்த பெரும்பண்ணையூர்ப் பகுதியில் உள்ள செல்வபுரத்தில், கத்தோலிக்கக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்தில் சட்டம் பயின்று பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் தஞ்சாவூரில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். 1918 முதல் 1920 வரை தஞ்சாவூர் நகராட்சித் தலைவராகவும், 1924 முதல் 1930 வரை மாவட்டக் கழகத் தலைவராகவும் பொறுப்பு வகித்தார்.

மாவட்டக் கழகம்

ஜில்லா போர்டு என வழங்கப்பட்ட இவ்வமைப்பு சாலைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றைப் பேணியது. நிலவரியோடு சேர்த்து வசூலிக்கப்பட்ட மேல்வரியே இதன் முதன்மையான வருவாயாகும். மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை, இத்தகைய தனி மேல்வரியின் துணையுடன் தஞ்சாவூர் மாவட்டக் கழகம் அமைத்ததாகும். 1920-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்களின் பங்கை உயர்த்தியது. எனினும் வாக்குரிமை வரி செலுத்துவோர் அளவிலேயே நின்றது. நிலமற்ற உழவர்களுக்குக் கழகத்தில் குரல் இல்லை.

சத்திரங்களும் கல்வியும்

தஞ்சை மராட்டிய மன்னர்கள் நிறுவிய சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் மாவட்டக் கழகத்தின் நிருவாகத்தில் இருந்தன. இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்களுக்கு உணவளிக்க ஏற்பட்ட இவ்வறக்கட்டளைகளின் பயன், நடைமுறையில் பெரும்பாலும் பிராமணர்களையே சென்றடைந்தது. பொது அமைப்பின் கீழ் உள்ள வருவாய் யாருக்குப் பயன்பட வேண்டும் என்ற வினா இதனால் எழுந்தது.

உரத்தநாடு, இராசாமடம் ஆகிய ஊர்களின் சத்திரங்களில் பிராமணரல்லாத மாணவர்களும் தங்கிப் படிக்க விடுதி வசதி ஏற்படப் பன்னீர்செல்வம் வழிவகுத்தார். வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டு வந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் வித்துவான் வகுப்பு தொடங்கப்பட்டது. கல்லூரியின் பெயரும் அரசர் கல்லூரி என மாற்றப்பட்டது. கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவரும் வட்டக் கழகத் தலைவருமான தமிழவேள் உமாமகேசுவரனார் இம்முயற்சிகளில் துணை நின்றார். அறக்கட்டளையின் மூல நோக்கத்தை மாற்றலாகாது என்போர் இவற்றை எதிர்த்தனர்.

பிற்காலம்

1931-இல் இலண்டனில் நடைபெற்ற இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறித்தவர்களின் சார்பாளராகக் கலந்துகொண்டார். 1937 ஏப்ரல் முதல் சூலை வரை நீடித்த சென்னை மாகாண இடைக்கால அமைச்சரவையில் உள்துறை, நிதித்துறை அமைச்சராக இருந்தார். பின்னர், பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதைச் சட்டமன்றத்தில் எதிர்த்தார்.

மறைவு

இந்தியாவுக்கான பிரித்தானிய அமைச்சரின் ஆலோசகராக அமர்த்தப்பட்டு இலண்டனுக்குப் பயணமானார். இவர் சென்ற அனிபால் என்னும் வானூர்தி, 1940 மார்ச் 1 அன்று ஓமான் வளைகுடாப் பகுதியில் எட்டுப் பேருடன் மறைந்தது. எவர் உடலும் கிடைக்கவில்லை.

நினைவு

ஈரோட்டில் உள்ள பன்னீர்செல்வம் பூங்கா இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இவர் தலைமை வகித்த மாவட்டக் கழக முறை, 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து முடிவுக்கு வந்தது. மாவட்ட அளவில் தேர்ந்தெடுக்கப்படும் ஊராட்சி, 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் மீண்டும் ஏற்பட்டது.