யார் இந்த அய்யா வைகுண்டர்? முடிசூடும் பெருமாள் என்ற பெயரே பிரச்சினையான கதை

ஆண்டுதோறும் மாசி 20 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. ஏன்னு வெளியூர் நண்பர்கள் கேட்டா, அய்யா வைகுண்டர் பிறந்தநாள் என்போம். சரியாகச் சொன்னால், அது அவர் தாய் வயிற்றில் பிறந்த நாள் இல்லை.

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே உள்ள சாமித்தோப்பில் 1809-இல் பிறந்தார். அப்பா பொன்னு நாடார், அம்மா வெயிலாள். வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறும் குடும்பத்துப் பிள்ளைக்கு ‘முடி’யா என்று மேல்சாதியினர் எதிர்க்க, பெயரை முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று.

அன்றைய திருவிதாங்கூரில் ஒரு பெயருக்கே இவ்வளவு சிக்கல் என்றால் மற்றதை யோசித்துப் பாருங்கள். நாடார் உள்ளிட்ட சாதியினர் தலைப்பாகை கட்டக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. இதோடு ஊழியம், தலைவரி, பனைவரி. லண்டன் மிஷன் பக்கம் போனவர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு கிடைத்தது. 1829-இல் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணிய அரசு அனுமதித்தது. மதம் மாறாதவர்களுக்கு அதுவும் இல்லை.

இருபது வயதைத் தாண்டியதும் முத்துக்குட்டிக்குக் கடும் நோய். 1833 மாசித் திருவிழாவுக்கு அம்மாவும் மனைவியும் அவரைத் திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே கடலுக்குள் போனவர் மூன்றாம் நாள் வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. மாசி 20 அந்த நாள்தான். ஊர் திரும்பித் தவம் இருந்தார், கூட்டம் சேர்ந்தது. எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் நீர் இறைக்க முத்திரிக்கிணறு, சேர்ந்து உண்ண சமபந்தி. பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம், பூசாரியும் வேண்டாம் என்றார்.

அரண்மனை சும்மா இருக்குமா? அவரைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துச் சென்று சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள். அப்போதைய மன்னர் சுவாதித் திருநாள். இன்றைக்கும் கச்சேரி மேடைகளில் நாம் ரசிக்கும் கீர்த்தனைகளை இயற்றிய அதே சுவாதித் திருநாள். சொந்தச் சாதியை மட்டும் சேர்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் விடுகிறோம் என்று கேட்டதாகவும், அய்யா மறுத்துவிட்டதாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். 110 நாள் சிறைக்குப் பிறகு 1839-இல் வெளியே வந்தார்.

அதன்பின் வாகைப்பதி கடற்கரையில் 700 குடும்பங்கள் அவர் சொல்படி துவையல் தவம் இருந்தன. துவைத்த உடை, ஒரு நாளைக்குப் பல முறை குளியல், ஒருவேளை உணவு. ‘தீட்டு’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் இப்படி வாழ்ந்து காட்டியதில் இருக்கும் அரசியலைக் கவனியுங்கள்.

அவருடைய புனித நூல் ‘அகிலத்திரட்டு அம்மானை’. அய்யா உள்ளிருந்து சொல்ல, சீடர் அரிகோபாலன் 1841-இல் ஏட்டில் எழுதினார் என்பது மரபு. உலகம் தோன்றியது முதல் கலியுகம் வரை சொல்லும் இந்தப் பாட்டுக்கதை, திருவிதாங்கூர் அரசைக் கலிநீசன் என்றும் வெள்ளையரை வெண்நீசன் என்றும் கூசாமல் பெயர் சொல்கிறது. தாலிக்கு வரி, காய்ந்த சருகுக்கு வரி என்று அந்தக் காலத்து வரிக்கொடுமையை நீளமாக அடுக்குகிறது. புராணம் என்று ஓரமாக வைத்துவிடாமல், ஆட்சிக்கு எதிரான குற்றப்பத்திரிகையாகவும் இதைப் படிக்கணும் என்பது என் கருத்து.

குவேக்கர் இயக்கத்தின் ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) பற்றிப் படித்தவர்களுக்கு இதெல்லாம் எங்கோ கேட்டது போல இருக்கும். அவரும் பாதிரி தேவையில்லை என்றவர், பலமுறை சிறை சென்றவர். அவருடைய தன்வரலாற்றின் பெரும்பகுதியும் அவர் சொல்ல இன்னொருவர் எழுதியதுதான். ஆனா ஒரு வித்தியாசம். ஃபாக்ஸ் நீதிபதி முன்னால் தொப்பியைக் கழற்ற மறுத்தார். இங்கே தலையில் துணி கட்டுவதே குற்றம் என்பதால், கட்டச் சொன்னார் வைகுண்டர். முடி என்ற சொல்லைப் பெயரில்கூட வைத்துக்கொள்ள விடாத ஊரில், அத்தனை பேர் தலையிலும் தலைப்பாகை ஏறியது.

1851 வைகாசி 21-இல் மறைந்தார். மேலாடை உரிமை எல்லா நாடார் பெண்களுக்கும் கிடைத்த அரச அறிவிப்பு வந்தது 1859-இல். அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்றும் சாமித்தோப்புப் பதிக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் நுழைகிறார்கள். பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான். கும்பிடுகிறவருக்குத் தெரிவது அவரது முகமே. 1939-இல் அச்சேறும்வரை அகிலத்திரட்டு ஏட்டுச்சுவடிகளில்தான் இருந்தது. கார்த்திகையில் 17 நாள் நடக்கும் திருஏடு வாசிப்பில் இப்போதும் அதை முழுசாகக் கேட்கலாம்.